.22 ரைஃபிளுக்கு சைலன்சர் எது நல்லது? மகளுக்காகக் கேட்கிறேன்

தண்டையார்பேட்டை_அப்பா
எல்லாருக்கும் வணக்கம். துப்பாக்கி விஷயத்தில் நான் புதுசு, தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினாறு வயசு. ரெண்டு வருஷம் ஏர் ரைஃபிள் அடித்தாள். கை நிதானமாக இருக்கிறது என்று சொல்லி, கோச் அவளை .22-க்கு (தோட்டா போட்டுச் சுடும் சின்ன அளவு ரைஃபிள்) மாற்றிவிட்டார். 50 மீட்டர், படுத்துச் சுடுவது. துப்பாக்கி கிளப்புடையது.

ஏர் ரைஃபிளில் சத்தமே பிரச்சினையாக இல்லை. இது வேறு மாதிரி. ரேஞ்சில் மேலே தகர ஷீட், ரெண்டு பக்கமும் சுவர். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். மூணாவது ஞாயிறு வீட்டுக்கு வந்தவள், "அப்பா, இடது காதுல கொசு கத்துற மாதிரியே இருக்கு" என்றாள். மறுநாள் சாயங்காலம் சரியாயிடுச்சு. அடுத்த வாரம் திரும்பவும் அதே. கிளப்பில் காதை மூடுகிற ஒரு பழைய மஃப் கொடுத்திருக்கிறார்கள், அதன் பஞ்சு கிழிந்து கிடக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் பீப்பாய் முனையில் ஒரு குழாயை மாட்டிச் சுடுகிறார்கள், சத்தம் பாதிக்குப் பாதி குறைகிறது. .22-க்கு எந்த மாதிரி வாங்கணும், இங்கே எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும்? கடன் வாங்கியாவது வாங்கித் தருவேன்.

கொருக்குப்பேட்டை_லேத்
அண்ணே, வணக்கம். நம்மகிட்ட லேத் கீது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது பைக் சைலன்சர் மாதிரிதான். பைப்பு, உள்ளார தடுப்பு, காத்து சுத்திச் சுத்தி வெளியே வரணும். பொண்ணு காதுக்குன்னு கேக்கறீங்க, காசு வாணாம். அளவு மட்டும் குடுங்க, நான் பார்த்துக்கறேன்.

விம்கோநகர்_ரவுண்டு (மட்டுறுத்துநர்)
தம்பி, நிறுத்து. உன் மனசு புரியுது, ஆனா இந்தப் பேச்சு இதோட முடியணும். அளவு, வரைபடம், எப்படிச் செய்யறது, எதையும் யாரும் இந்த இழையில் போடக் கூடாது. போட்டால் நீக்கிவிடுவேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. 1959 ஆயுதச் சட்டம் "துப்பாக்கி" என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, சுடும் சத்தத்தையோ நெருப்பையோ குறைக்கச் செய்த உதிரியையும் சேர்த்து எழுதியிருக்கிறது. அதாவது அந்தக் குழாய் தனியாக மேஜை மேல் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு துப்பாக்கி. உரிமம் இல்லாமல் அதைச் செய்தால் துப்பாக்கி செய்ததாகவே வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சமே ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். "குழந்தை காதுக்காகச் செய்தேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லி எதுவும் ஆகாது.

அப்பாவுக்கு: இங்கே கடையில் கிடைக்காது, வாங்கவும் முயற்சி செய்யாதீர்கள். ஆன்லைனில் "கிளீனிங் கிட்", "சால்வன்ட் டிராப்" என்று வேறு பெயரில் வருவதையும் தொடாதீர்கள். போட்டிக்கும் அது உதவாது. ரைஃபிள் போட்டி விதிகளில் பீப்பாய் முனையில் மாட்டுகிற மஸில் பிரேக், காம்பென்சேட்டர், ஓட்டை போட்ட பீப்பாய் எல்லாமே தடை. பழக்கமே போட்டிக்காகத்தானே.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. காது விஷயத்தில் நம்ம ஊர் ரேஞ்சுகள் ரொம்ப அலட்சியம். அதைப் பேசுவோம்.

கொருக்குப்பேட்டை_லேத்
மன்னிச்சுடுங்க அண்ணே. சத்தியமா தெரியாது. ஏழு வருஷம்னு படிச்சதும் கை நடுங்கிச்சு. நான் எழுதினதை எடுத்துடட்டா?

விம்கோநகர்_ரவுண்டு
இருக்கட்டும் தம்பி. உன்னை மாதிரி நல்லெண்ணத்தோட கேக்கற இன்னொருத்தன் படிச்சு நிறுத்திக்குவான்.

ஹாமில்டன்_வியாசர்பாடி
நான் வியாசர்பாடி பையன். பத்து வருஷமாக நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை. இங்கே முயல் ஒரு பெரிய தொல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிராணி, மேய்ச்சல் நிலத்தைச் சுரண்டி எடுத்துவிடும். பண்ணைக்காரர்கள் கையில் .22 இருப்பதும், அதன் முனையில் சப்ரசர் (சைலன்சரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) இருப்பதும் சாதாரணக் காட்சி. துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம், சப்ரசருக்குக் கெடுபிடி கிடையாது. ஃபின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் அப்படித்தான். அமெரிக்காவில் 1934 சட்டப்படி பதிவும் 200 டாலர் வரியும் இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து வரி பூஜ்யம், பதிவு அப்படியே. நாட்டுக்கு நாடு சட்டம் இப்படி மாறுவதால்தான் வீடியோ பார்த்து நாம் குழம்புகிறோம்.

அண்ணன் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டார். அங்கே வாங்க முடியாது என்றாலும், அந்தக் குழாய் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் மனசில் ஏக்கம் இருக்காது. நான் எனக்கு வாங்கினபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் துப்பாக்கியைப் பார்க்கணும். என்னுடையது போல்ட் ஆக்ஷன், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுகிற வகை. சுடும்போது பின்பக்கம் மூடியே இருக்கும், வாயு முன்னால் மட்டும் போகும். தானாகவே அடுத்த தோட்டா ஏறுகிற செமி ஆட்டோவில் பின்பக்கம் திறந்து கொஞ்சம் சத்தமும் புகையும் முகத்துக்கே வரும். ஒரே சப்ரசரைப் போட்டாலும் போல்ட் ஆக்ஷன்தான் அமைதி. அடுத்து, பீப்பாய் முனையில் இருக்கும் மரை. ஐரோப்பிய ரைஃபிள்களில் பெரும்பாலும் ஒரு அளவு, அமெரிக்க ரைஃபிள்களில் வேறு அளவு. மரை ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் குண்டு உள்ளே உரசும்.

பிறகு, கழற்றிச் சுத்தம் செய்ய வருமா என்பது. பெரிய ரைஃபிளுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை, .22-க்கு இதுதான் முதல் கேள்வி. .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகு. சில நூறு ரவுண்டிலேயே உள்ளே ஈயமும் கரியும் அப்பிக்கொள்ளும். சீல் வைத்த மாடல் வாங்கினால் வருஷத்துக்கு வருஷம் எடை ஏறிக்கொண்டே போகும். நான் அலுமினியத்தில், திறக்க வருகிறதை வாங்கினேன். டைட்டானியம் இன்னும் உறுதி, விலை அதிகம், முயலுக்கு அது தேவையில்லை. ஈயத்தூள் நஞ்சு, அதனால் கையுறை போட்டுத்தான் திறப்பேன், குழந்தைகள் பக்கத்தில் திறக்க மாட்டேன். மாட்டினால் குண்டு விழுகிற இடமும் மாறும், மறுபடி ஸ்கோப்பைச் சரி செய்யணும். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கணும், இல்லாவிட்டால் உள்ளே தங்கும் ஈரம் பீப்பாய் முனையைத் துருவாக்கிவிடும்.

இப்போது முக்கியமானது. சினிமாவில் காட்டுகிற "புஸ்" கிடையாது. சப்ரசர் இல்லாத .22 ரைஃபிள் ஏறக்குறைய 140 டெசிபல். போட்டால் 115, 120 வாக்கில் வரும். முதல் ரவுண்டு கொஞ்சம் அதிகமாகவே கேட்கும், ஏனென்றால் குழாய்க்குள் இருக்கும் பிராணவாயுவில் மிச்ச வெடிமருந்து எரியும். அதோடு, அது முனையில் வெடிக்கிற சத்தத்தை மட்டும்தான் விழுங்கும். குண்டு ஒலியை விட வேகமாகப் போனால் வழி நெடுக ஒரு "பட்" வரும் பாருங்கள், அதை எந்தக் குழாயும் தொடாது. அதற்குத் தீர்வு தோட்டாவில்தான். நான் மெதுவான தோட்டா போடுவதுதான் பாதி அமைதிக்குக் காரணம். அந்தப் பாதி உங்களுக்கும் சட்டப்படியே கிடைக்கும்.

திருவொற்றியூர்_கோபு
சின்னத் தகவல். இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஹைரம் பெர்சி மாக்சிம், 1909-ல் அமெரிக்கக் காப்புரிமை. மெஷின் கன் செய்த மாக்சிமின் மகன். அப்பாவுக்குத் துப்பாக்கிச் சத்தத்திலேயே காது போனது என்பார்கள். தம்பி பைக் சைலன்சர் என்று சொன்னது கொள்கையளவில் சரிதான், ரெண்டும் சூடான வாயுவை மெதுவாக்கி வெளியே விடுகிறவை. எங்க ஏரியாவில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்ததிலிருந்து சைலன்சர் என்றால் எங்களுக்கு புல்லட் வண்டிதான் ஞாபகம் வரும். அந்த "என்ஃபீல்டு" பெயரே இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர்ப் பெயர்.

தண்டையார்பேட்டை_அப்பா
ஹாமில்டன் தம்பி, ரொம்ப நன்றி. ரவுண்டு சார், சைலன்சரை மனசிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தோட்டா விஷயம் மட்டும் புரியவில்லை. கிளப்பில் கொடுப்பதைத்தான் அவள் சுடுகிறாள். ஒரு பெட்டியில் "ஹை வெலாசிட்டி" என்று இருந்தது.

விம்கோநகர்_ரவுண்டு
அதுதான் சங்கதி. அந்தப் பெட்டியை அவளிடம் கொடுத்திருக்கவே கூடாது.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-லிருந்து இருக்கிறது. இன்றைக்கு ரெண்டு பெரிய வகை. ஹை வெலாசிட்டி நொடிக்கு 375 மீட்டர் வாக்கிலோ அதற்கு மேலோ போகும். போட்டிக்கான தோட்டா, ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, 320-லிருந்து 330 மீட்டர். எஸ்.கே., லாபுவா, எலி, ஆர்.டபிள்யூ.எஸ். என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும் பெரும்பாலான மேட்ச் பெட்டிகள் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கும். ஒலி வேகத்தைக் கடந்து, போகிற வழியில் திரும்ப அதற்குக் கீழே இறங்குகிற குண்டு அந்த இடத்தில் தடுமாறும். மேட்ச் தோட்டா ஆரம்பத்திலிருந்தே கீழேயே போகிறது. காற்றிலும் இதே கதை. வேகமான .22 காற்றில் குறைவாக விலகும் என்று நினைப்போம், உண்மையில் ஸ்டாண்டர்டு தோட்டாதான் குறைவாக விலகும். 50 மீட்டரில் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர்தான், நம்ம சட்டைப் பொத்தான் அளவு. அங்கே இதெல்லாம் புள்ளிக் கணக்கு.

இதில் நம்ம ஊர் வெயில் நமக்குத் துணை. ஒலியின் வேகம் சூட்டோடு ஏறும். ஐரோப்பாவில் 5 டிகிரி குளிரில் அது நொடிக்கு 334 மீட்டர். அங்கே 330-ல் போகிற குண்டு விளிம்பில் நிற்கிறது. நம்ம 34 டிகிரியில் ஒலி சுமார் 352 மீட்டர் போகும். அதே தோட்டா இங்கே எல்லைக்கு வெகு கீழே, அந்த "பட்" வரவே வராது. வெயிலில் மருந்தும் கொஞ்சம் வேகமாக எரியும், ஆனாலும் இடைவெளி மிச்சம் இருக்கும்.

ஆனால் ஒன்று. அவள் காதுக்கு அருகில் வெடிக்கிறது முனைச் சத்தம். தோட்டா மாற்றினால் அது கொஞ்சம்தான் குறையும். அதற்குப் பீப்பாய் நீளம் உதவும். கிளப்பில் அவளுக்குக் கொடுப்பது குட்டைப் பீப்பாய் ஸ்போர்ட்டிங் ரைஃபிளா, நீளமான மேட்ச் ரைஃபிளா? நீளமான மேட்ச் ரைஃபிளில் பெரும்பாலும் 65 செ.மீ.க்கு மேல் பீப்பாய். .22 மருந்து 40 செ.மீ.க்குள்ளேயே கிட்டத்தட்ட எரிந்து முடிந்துவிடும். மிச்ச நீளத்தில் வாயு விரிந்து அழுத்தம் இறங்கும், முனையும் காதிலிருந்து தள்ளிப் போகும். கோச்சிடம் கேளுங்கள்.

ராயபுரம்_ஒலிச்சோதனை
நான் கேட்டல் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். அண்ணா, முதலில் ஒன்று: மகளை இந்த வாரமே ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே எடுக்கலாம். சுட்டு ரெண்டு நாள் கழித்துப் போங்கள், அப்போதுதான் தற்காலிகக் குறைவும் நிரந்தரக் குறைவும் குழம்பாது.

அந்தக் கொசுச் சத்தம் காது கொடுக்கிற எச்சரிக்கை. உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மறுநாள் சரியானது போலத் தெரிவதால் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். பேச்சு நன்றாகக் கேட்கும், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பல வருஷம் கழித்து "ச", "ஃப" எல்லாம் ஒரே மாதிரி கேட்கும்.

இடது காது என்று அவள் சொன்னது பொருந்துகிறது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் முனையைப் பார்த்து இருக்கும். வலது காதைத் தலையே மறைத்துவிடும்.

140 டெசிபல் என்பது வளர்ந்தவர்களுக்கே பாதுகாப்பின்றித் தாண்டக் கூடாத உச்சம். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 120. உங்கள் மகளுக்குப் பக்கத்தில் ஏழு பேர் வேறு சுடுகிறார்கள், மேலே தகரம்.

பாக்கெட்டில் "என்.ஆர்.ஆர். 32" (எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற எண்) என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில், சரியாக மாட்டிய காதுக்கு. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 1998-ல் நடைமுறைக்கு எப்படிக் குறைக்கச் சொன்னது தெரியுமா? மஃப் என்றால் கால்வாசி கழி, ஃபோம் பிளக் என்றால் பாதி கழி. 32 என்று போட்ட பிளக் பலர் காதில் 16 தான் கொடுக்கிறது. சரியாகச் செருகாததுதான் காரணம். பிளக்கை மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்கணும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது அலங்காரம்தான்.

பிளக்கும் போட்டு, மேலே மஃப்பும் போடச் சொல்லுங்கள். ரெண்டு எண்ணையும் கூட்டக் கூடாது, பெரிய எண்ணோடு ஒரு 5 சேர்த்துக்கொள்ளலாம். அந்த 5 அவளுக்குத் தேவை.

பெரம்பூர்_ரிடயர்டு
முப்பத்தோரு வருஷம் பாய்லர் பட்டறையில் ரிவெட் அடிச்சவன் நான். எந்தப் பட்டறைன்னு வேணாம். பஞ்சு குடுப்பாங்க, நாங்க சட்டைப் பாக்கெட்டுல வெச்சுப்போம். காதுல வெச்சா ஆம்பளை இல்லைன்னு ஒரு நினைப்பு. சாயங்காலம் சைக்கிள்ல வரும்போது ஙொய்னு கேக்கும், டீ குடிச்சா போயிடும்னு இருந்தேன். நாப்பத்தெட்டு வயசுல அது போகறதை நிறுத்திடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ராத்திரியெல்லாம் கேக்குது.

என் பேத்தி மெதுவாப் பேசற பொண்ணு. அவ பேசறது எனக்கு வாயசைப்புதான். அப்பா, நீங்க கடன் வாங்கறேன்னு எழுதினதைப் படிச்சேன். கடன் வாணாம். ஆனா அந்தக் கிழிஞ்ச மஃப்பை இன்னியோட தூக்கிப் போடுங்க.

எண்ணூர்_ப்ரோன்
அப்பா, நான் நாலு வருஷமா ப்ரோன் (படுத்துச் சுடறது) சுடறேன். இங்கே ஆண்கள் யாரும் சொல்லாததை நான் சொல்றேன். ஜடையை மஃப் பட்டைக்கு அடியில விடக் கூடாது, கழுத்துக்குக் கீழே தாழ்வா கட்டணும். தோடு, மாட்டல் எல்லாத்தையும் கழட்டணும். மாட்டல் சங்கிலி பஞ்சுக்கு அடியில மாட்டினா ஒரு சின்ன இடைவெளி வரும், அது வழியா மொத்தச் சத்தமும் உள்ளே வரும். கண்ணாடிக் காம்பும் அப்படித்தான், மெல்லிசான காம்பு வாங்கித் தாங்க. கண்ணாடியைக் கழட்ட மட்டும் விடாதீங்க.

பெரிய மஃப் வாங்காதீங்க. படுத்துக் கன்னத்தை ரைஃபிள்ல வைக்கும்போது வலது பக்கக் கிண்ணம் கட்டையில இடிச்சு நகரும், அவ தலையைத் தூக்கிடுவா, பொசிஷனே போயிடும். ஒல்லியான கிண்ணம் பாருங்க. மின்னணு மஃப் பழகறப்போ நல்லா இருக்கும், கோச் பேசறது கேக்கும். ஆனா மேட்ச்ல ஒலி வாங்கற கருவி உள்ளது போட விடமாட்டாங்க. அதனால சாதா மஃப்லயே பழகறது நல்லது.

நம்ம ஊர் வேர்வைக்கு மஃப் பஞ்சு சீக்கிரம் விறைச்சுப் போகும். சுட்டு முடிச்சதும் துடைக்கணும். விறைச்சா பஞ்சு மட்டும் தனியா மாத்தலாம். அப்புறம், சாப்பிடறதுக்கு முன்னாடி கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. ஹாமில்டன் அண்ணா சொன்ன ஈயம் நம்ம கையிலயும் இருக்கு.

கொருக்குப்பேட்டை_லேத்
ரவுண்டு அண்ணே, அந்தத் தகர ஷீட்டுக்கு எதுனா செய்யக் கூடாதா? அது தப்பில்லையே? என் மச்சான் தென்னைநார் மேட்டு வேலை செய்யறாரு. ஷீட்டுக்கு அடியில தடிமனா கட்டினா எதிரொலி அடங்கும். ஆளு நான் கூட்டியாறேன்.

விம்கோநகர்_ரவுண்டு
தப்பே இல்லை தம்பி, இதைத்தான் கிளப்புகள் எப்பவோ செஞ்சிருக்கணும். சுடுகிறவர் தலைக்கு மேலேயும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலும் கட்டு. சுடும் கோட்டுக்கு முன்னால், தரையில், நார் ஃபோம் எதுவும் வேண்டாம். எரியாத மருந்துத்தூள் அங்கேதான் விழும், அதில் சேர்ந்து ஒரு நாள் பற்றிக்கொள்ளும். மேலே கட்டுகிறதையும் தீத்தடுப்பு பூசினதாகப் பார்த்து வாங்கு. கிளப் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கின பிறகுதான் ஏணி வைக்கணும்.

தண்டையார்பேட்டை_அப்பா
மூணு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடியோகிராம் எடுத்தோம். வலது காது சுத்தம். இடது காதில் 4,000-ல் ஒரு சின்னச் சரிவு. டாக்டர் அம்மா, இது இன்னும் இயல்பான எல்லைக்குள்தான், ஆறு மாதத்தில் திரும்ப எடுப்போம் என்றார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. சில ஞாயிறுக்கே சரிவு.

ஒல்லி மஃப் ஒன்று, ஃபோம் பிளக் ஒரு பெட்டி. ரெண்டும் சேர்ந்து நான் பயந்த செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பிளக் போடுவதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள், நானும் சேர்ந்து பழகினேன், ரேஞ்சில் பின்னால் உட்காருகிறவனுக்கும் வேணும் இல்லையா. மாட்டலைக் கழற்ற அவள் பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, ரிடயர்டு அண்ணன் எழுதினதைப் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள்.

கோச்சிடம் தோட்டா பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஹை வெலாசிட்டி பெட்டியை ஜூனியர் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார். நீளப் பீப்பாய் ரைஃபிள் ரெண்டுதான் இருக்கிறது, முறை வைத்துத் தருகிறார். போன ஞாயிறு நாற்பது ரவுண்டு. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், "கொசு இல்லப்பா."

நார் மேட்டுக்குச் செயலாளர் அனுமதி கொடுத்துவிட்டார். லேத் தம்பி, எப்போது வருகிறீர்கள்?

கொருக்குப்பேட்டை_லேத்
வெள்ளிக்கிழமை அண்ணே. ரேஞ்ச் மூடியிருக்கற நாளா பார்த்துத்தான். மச்சானையும் கூட்டியாறேன்.

ராயபுரம்_ஒலிச்சோதனை
அண்ணா, அந்த ஆடியோகிராம் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கிறதை அதன் மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். தீபாவளிக்குத் தெருவில் வெடி வெடிக்கும்போதும் அதே பிளக்கைப் போடச் சொல்லுங்கள்.

எண்ணூர்_ப்ரோன்
அவளுக்கு ஒண்ணு சொல்லுங்க. ஸ்வப்னில் குசாலே 2024 ஆகஸ்டு 1-ம் தேதி பாரிஸ்ல வெண்கலம் வாங்கினது இதே .22, இதே 50 மீட்டர் தூரம். ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். ஜோனல் மேட்ச்ல நான் அவளைப் பார்க்கணும். என் பக்கத்து லேன் கிடைச்சா நல்லா இருக்கும்.

தண்டையார்பேட்டை_அப்பா
படித்துக் காட்டினேன் அம்மா. லேன் நம்பர் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்கிறாள்.